கீமோவில் சுருங்கிய கட்டி ஏன் திரும்ப வளர்கிறது? செல் பிளாஸ்டிசிட்டி ஆய்வு பற்றி ஒரு பதில்

சிங்கப்பூரின் செங்காங்கில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாய்மாமாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. கீமோவில் கட்டிகள் நன்றாகச் சுருங்கின, ஆனால் சில மாதங்களில் மறுபடி வளர்ந்துவிட்டன. டாக்டர் 'ரெசிஸ்டன்ஸ்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். இதற்கிடையில் கோயம்புத்தூரில் பிஎச்டி முடித்த இவருடைய தங்கைக்குச் சிங்கப்பூரில் ஓர் ஆய்வகத்தில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, வாய்ப்பு வந்திருக்கிறது. தலைப்பு, பெருங்குடல் புற்றுநோயில் செல் பிளாஸ்டிசிட்டியும் சிகிச்சை எதிர்ப்பும். "மாமாவுக்கு நடந்ததும் தங்கை ஆராயப் போவதும் ஒன்றுதானா? அவளை வரச் சொல்லலாமா அண்ணா?" என்பது கேள்வி.

தம்பி, மாமாவின் பரிசோதனை முடிவுகளைப் பார்க்காமல் அவருடைய கட்டிக்குள் என்ன நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தங்கைக்கு வந்திருக்கும் தலைப்பு நேராக அந்தக் கேள்வியைத்தான் பிடிக்கிறது. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், தங்கையின் வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ரெசிஸ்டன்ஸ் என்றதும் எல்லோரும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. கட்டியில் கோடிக்கணக்கான செல்கள். அவற்றில் ஏதோ சிலவற்றில் தற்செயலாக ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. மருந்து கொடுத்ததும் மற்றவை செத்துப்போக, அந்தச் சில செல்கள் தப்பிப் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இது பொய் இல்லை. செடுக்ஸிமாப் என்ற மருந்து செல்லின் மேற்பரப்பில் உள்ள இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியை அடைக்கிறது. அந்த ஏற்பிக்குக் கீழே வேலை செய்யும் கேராஸ் மரபணுவில் மாற்றம் இருந்தால் மேலே அடைத்து என்ன பயன்? அதனால்தான் மருந்தைத் தொடங்கும் முன்பே அந்த மரபணுவைச் சோதிக்கிறார்கள். தொடக்கத்தில் கேராஸ் மாற்றம் தென்படாத நோயாளிகளுக்கும் சிகிச்சை நடுவில் அது ரத்தத்தில் தலைகாட்டுகிறது என்று 2012-இல் இரண்டு குழுக்கள் காட்டின. மருந்தை நிறுத்தினால் அதன் அளவு மெல்லக் குறைவதும் பிற்பாடு தெரிந்தது. சிலருக்கு இடைவெளி விட்டு அதே மருந்தை மறுபடி தர முடிவது இதனால்தான்.

ஆனால் சாதாரண கீமோவுக்கு இந்த விளக்கம் அவ்வளவு எளிதாகப் பொருந்துவதில்லை. 5-எஃப்யூ என்ற கீமோ மருந்து 1957-இலிருந்து இருக்கிறது. ஆக்ஸாலிபிளாட்டினும் இரினோடெகானும் பின்னால் வந்து சேர்ந்தன. ஃபோல்ஃபாக்ஸ், ஃபோல்ஃபிரி என்று மாமாவின் மருந்துச் சீட்டில் பார்த்திருப்பீர்கள், எல்லாம் இவற்றின் கூட்டணிதான். இவற்றுக்குத் தப்பிய கட்டிகளில் தேடினால், இதுதான் காரணம் என்று சொல்லும்படியான புதிய மரபணு மாற்றம் பல நேரங்களில் கிடைப்பதில்லை. மரபணு எழுத்து அப்படியே இருக்க, செல்லின் நடத்தை மட்டும் மாறியிருக்கிறது. எந்த மரபணுக்களை ஓடவிடுவது, எவற்றை மூடிவைப்பது என்ற ஏற்பாடு மாறி, வேகமாகப் பிரியும் செல் மெதுவாகப் பிரியும் செல்லாகிறது. மருந்து போனபின் பழையபடி திரும்புகிறது. இந்த நிலை மாறும் இயல்பைத்தான் பிளாஸ்டிசிட்டி என்கிறார்கள்.

இந்த இயல்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆரோக்கியமான குடலிலேயே அது இருக்கிறது. தங்கை வேலை செய்யப்போகும் துறையே இதன்மேல்தான் நிற்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

குடலின் உட்சுவர் நான்கைந்து நாள்களுக்கு ஒருமுறை தன்னை முழுவதும் புதுப்பித்துக்கொள்கிறது. உடம்பில் இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படும் திசுக்கள் குறைவு. சுவர் முழுக்க நுண்ணிய குழிகள். குழியின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள் பிரிந்துகொண்டே இருக்க, பிறக்கும் செல்கள் மேலே ஏறும், ஏறும்போதே உறிஞ்சும் செல்லாகவோ சளி சுரக்கும் செல்லாகவோ முதிரும், உச்சிக்குப் போய் உதிர்ந்துவிடும். அடியில் இருக்கும் ஸ்டெம் செல்களை எல்ஜிஆர்5 என்ற அடையாளத்தைக் கொண்டு இனம் காணலாம் என்று 2007-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளீவர்ஸ் குழு காட்டியது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் நிக் பார்க்கர் பிற்பாடு சிங்கப்பூருக்கு வந்து ஏ-ஸ்டார் என்ற அரசு ஆய்வு அமைப்பில் ஆய்வுக்குழு நடத்தினார். அந்த வகையில் இந்தத் துறைக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு. அதே கிளீவர்ஸ் ஆய்வகத்தில் போஸ்ட்டாக்காக இருந்த தோஷிரோ சாட்டோ, ஒரே ஒரு எல்ஜிஆர்5 செல்லிலிருந்து தட்டில் குட்டிக் குடலையே வளர்க்கலாம் என்று 2009-இல் காட்டினார். ஆர்கனாய்டு என்று இன்று எல்லோரும் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். போஸ்ட்டாக் என்றால் பேராசிரியருக்கு எடுபிடி என்று நினைப்பவர்களுக்கு நான் சாட்டோவைத்தான் உதாரணம் காட்டுவேன்.

சரி, அந்த எல்ஜிஆர்5 செல்களை எலியின் குடலிலிருந்து அழித்தால் என்ன ஆகும்? குடல் நின்றுபோக வேண்டும் அல்லவா? 2011-இல் செய்து பார்த்தார்கள். குடல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாதி முதிர்ந்து மேலே ஏறிக்கொண்டிருந்த செல்கள் திரும்பி, ஸ்டெம் செல்லின் வேலையை ஏற்றுக்கொள்ளும் என்பது அடுத்தடுத்த ஆண்டுகளில் உறுதியானது. ஸ்டெம் செல் என்பது ஓர் ஆள் என்று நினைத்திருந்தோம், அது ஒரு நாற்காலி என்று தெரிந்தது. காலியானால் பக்கத்தில் இருப்பவர் உட்கார்ந்துகொள்வார். நச்சு, தொற்று, அழற்சி, கதிர்வீச்சு என்று எத்தனையோ அடிகளைத் தாங்க வேண்டிய குடலுக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. காயம் பட்ட இடத்தில் செல்கள் கருப்பருவக் குடலின் செல்களைப் போலவே நடந்துகொள்வதையும் பார்த்திருக்கிறார்கள். 'யாப்' என்ற புரதம் அதில் முக்கியப் பங்கு வகிக்கிறது.

இப்போது கீமோவைக் குடலின் பக்கத்திலிருந்து யோசியுங்கள். அதுவும் ஒரு காயம்தான். புற்றுச் செல் தன் முன்னோரான குடல் செல்லிடமிருந்து வாங்கிவந்த பழுதுபார்க்கும் திட்டத்தை அப்போது எடுத்து ஓட்டுகிறது. இந்தத் துறையில் இதைவிட முக்கியமான ஒரு வாக்கியம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேரடிச் சான்று 2017-இல் இரண்டு திசைகளிலிருந்து வந்தது. ஜெனன்டெக் நிறுவனத்தின் குழு எலிகளில் பெருங்குடல் கட்டியை உருவாக்கி, அதிலிருந்த எல்ஜிஆர்5 செல்களை மட்டும் அழித்தது. கட்டி வளர்வது மட்டுப்பட்டதே தவிர, கரைந்து போகவில்லை. அழிப்பதை நிறுத்தியதும் எல்ஜிஆர்5 செல்கள் மறுபடி முளைத்தன. ஆனால் கல்லீரலில் பரவிய கட்டிகளுக்கு அந்தச் செல்கள் இல்லாமல் முடியவில்லை. டோக்கியோவில் சாட்டோவின் குழு மனிதக் கட்டியின் ஆர்கனாய்டுகளை எலியில் வளர்த்து இதையே செய்தது. அங்கே கட்டி சுருங்கியது, பிறகு திரும்ப வளர்ந்தது. முதிர்ந்து முடிந்துவிட்டதாக நாம் கணக்கில் எடுக்காத செல்களே திரும்பி ஸ்டெம் செல்லாகின என்று தடம் பிடித்துக் காட்டினார்கள். 'புற்றுநோயின் வேரை அறுக்கும் மருந்து' என்று அந்தக் காலத்தில் எழுதப்பட்ட செய்திகளை எல்லாம் அதற்குப் பிறகு நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

அடுத்து 2021. டொரோன்டோவில் ஒரு குழு செய்த சோதனை, என் கணக்கில் இந்தத் துறையின் மிக அழகான சோதனைகளில் ஒன்று. கட்டியின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு தனித்த டிஎன்ஏ வரிசையை, அதாவது பார்கோடை, நுழைத்துவிட்டார்கள். செல் பிரியும்போது வாரிசுகளுக்கும் அதே பார்கோடு போகும். கட்டியை எலியில் வளர்த்து, கீமோ கொடுத்து, சுருங்கியபின் மிஞ்சிய செல்களில் எந்தப் பார்கோடுகள் இருக்கின்றன என்று எண்ணினார்கள். முன்பே எதிர்ப்புச் சக்தி கொண்ட சில செல்கள் மட்டும் தப்பியிருந்தால், சில பார்கோடுகள்தான் மிஞ்ச வேண்டும். அப்படி ஆகவில்லை. வம்சங்களின் பன்மை பெரும்பாலும் அப்படியே இருந்தது. அதாவது தப்பும் திறன் ஒரு சிலருக்கு மட்டும் வாய்த்த வரம் அல்ல, எந்தச் செல்லும் அந்த நிலைக்குள் போக முடியும். அந்த நிலையோ எலிக் கருவின் ஒரு விசித்திரப் பழக்கத்தை ஒத்திருந்தது. சூழல் சரியில்லை என்றால் எலி, கரடி போன்ற பல பாலூட்டிகளின் இளங்கரு வளர்ச்சியை நிறுத்திவைத்துக் காத்திருக்கும். கட்டிச் செல்களும் எம்டார் என்ற வளர்ச்சிச் சமிக்ஞையைத் தணித்து, தம் உள்ளடக்கத்தையே கொஞ்சம் செரித்துக்கொண்டு காத்திருந்தன. பிரியும் செல்லைக் குறிவைக்கும் மருந்து, பிரியாத செல்லை என்ன செய்யும்?

ஆர்கனாய்டு தட்டில் தெரியாத ஒரு பக்கமும் உண்டு. கட்டியில் புற்றுச் செல்கள் தனியாக இல்லை. சுற்றியுள்ள நார்த்திசுச் செல்கள், நோய் எதிர்ப்புச் செல்கள், காலடியில் இருக்கும் சவ்வு எல்லாம் அவற்றின் நிலையைத் தீர்மானிக்கின்றன. சாட்டோவின் குழு 2022-இல் இன்னொன்றும் காட்டியது. மெதுவாகப் பிரியும் எல்ஜிஆர்5 செல்கள் ஒரு வகைக் கொலாஜனைக் கொண்டு அந்தச் சவ்வைப் பற்றிக்கொண்டு உறங்குகின்றன, கீமோ அந்தப் பிடியைத் தளர்த்தும்போது அவற்றில் சில விழித்துக்கொள்கின்றன. மருந்தே எழுப்பிவிடுகிறது என்றால் எப்படி இருக்கும் பாருங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு மாமாவிடம் போய்க் கீமோ வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கீமோவால் கிடைக்கும் காலம் உண்மையானது. ஆய்வாளர்கள் தேடுவது கூடவே சேர்த்துக் கொடுக்க ஒன்றை.

அப்படிச் சேர்த்துக் கொடுத்து ஜெயித்த உதாரணம் இருக்கிறதா? அதே இல்லை, ஆனால் அதற்கு நெருங்கிய உறவான ஓர் உதாரணம் இருக்கிறது. பிராஃப் மரபணுவில் வி600இ என்ற மாற்றம் உள்ள தோல் புற்றுநோய்க்கு, பிராஃபை அடைக்கும் வெமுராஃபெனிப் என்ற மருந்து அருமையாக வேலை செய்தது. அதே மாற்றம் பெருங்குடல் கட்டியில் இருந்தபோது மருந்து கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. காரணம் 2012-இல் தெரிந்தது. பிராஃபை அடைத்ததும் குடல் செல் உடனே இஜிஎஃப்ஆர் வழியைத் திறந்துவிடுகிறது. புதிய மரபணு மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. செல்லின் உள் ஏற்பாடே அப்படி. அதனால் பிராஃபை அடைக்கும் என்கோராஃபெனிப், இஜிஎஃப்ஆரை அடைக்கும் செடுக்ஸிமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2020-இல் அமெரிக்காவில் அந்தக் கூட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. கேராஸ் ஜி12சி மாற்றத்துக்கு வந்த மருந்துகளையும் பெருங்குடலில் இதே காரணத்துக்காக இஜிஎஃப்ஆர் மருந்தோடு ஜோடியாகத்தான் தருகிறார்கள். கறாராகப் பார்த்தால் இது செல் தன் அடையாளத்தையே மாற்றிக்கொள்வது அல்ல, ஒரு சமிக்ஞைப் பாதை பதிலடி கொடுப்பது. ஆனாலும் செல் தப்பிக்கும் வழியை முன்கூட்டித் தெரிந்துகொண்டால் அதை அடைக்க முடியும் என்று நோயாளிகளிடமே நிரூபித்த கதை இது. முழு அர்த்தத்தில் பிளாஸ்டிசிட்டியைத் தடுப்பதற்கென்று ஒப்புதல் பெற்ற பெருங்குடல் புற்றுநோய் மருந்து இன்றைக்கு இல்லை. தங்கையின் வேலைக்கு அவசியம் அதனால்தான்.

மாமாவுக்காக இப்போது கேட்க வேண்டியவை வேறு. ராஸ் (கேராஸ் அடங்கிய மரபணுக் குடும்பம்), பிராஃப் சோதனை முடிவுகள் என்ன, டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு பழுதாகியிருக்கிறதா என்று காட்டும் எம்எஸ்ஐ சோதனை செய்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். பரவிய பெருங்குடல் புற்றுநோயில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினருக்குத்தான் எம்எஸ்ஐ அதிகம் இருக்கும். ஆனால் இருந்துவிட்டால் பெம்புரோலிசுமாப் போன்ற, உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்களைப் புற்றுநோய்க்கு எதிராக இயக்கும் மருந்து கீமோவைவிட நன்றாக வேலை செய்யக்கூடும். இன்னொன்று, மாமாவின் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும், அதாவது உங்கள் அம்மாவும், குடும்பத்தில் இது இருப்பதை டாக்டரிடம் சொல்லிக் கொலனோஸ்கோபி எப்போது செய்வது என்று கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு 50 வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை மலத்தில் ரத்தம் தேடும் ஃபிட் சோதனை. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் தகுதியுள்ளவர்களுக்கு அதை இலவசமாகவே தருகிறது. நம் ஆட்கள் வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள், அதுதான் பிரச்சினை. ஆரம்பத்திலேயே பிடித்து வெட்டி எடுத்த கட்டிக்குப் பிளாஸ்டிசிட்டி பேச்சே பெரும்பாலும் வேண்டியதில்லை.

இனி தங்கை விஷயம்.

இந்த ஆய்வுக்குச் சிங்கப்பூர் நல்ல இடம்தான். மருத்துவமனையும் ஆய்வகமும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவுட்ரமில் தேசியப் புற்றுநோய் நிலையம், பொது மருத்துவமனை, டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி. கென்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் அறிவியல் நிலையமும். அங்கிருந்து எம்ஆர்டி வட்டப் பாதையில் ஒரே நிலையம் தள்ளினால் ஒன்-நார்த், பயோபோலிஸ் என்ற ஆய்வு வளாகம். அறுவை சிகிச்சையில் எடுத்த திசு உயிரோடு ஆய்வகத்துக்கு வந்து சேர்வது ஆர்கனாய்டு வேலைக்கு உயிர்நாடி. சிங்கப்பூர் மரபணுத்தொகுதி ஆய்வு நிலையமும் தேசியப் புற்றுநோய் நிலையமும் பெல்ஜியத்தின் லூவென் குழுவும் இன்னும் சிலரும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வை அவள் கட்டாயம் படித்திருக்க வேண்டும். 63 நோயாளிகளின் திசுக்களிலிருந்து 3 லட்சத்து 73 ஆயிரம் செல்களைத் தனித்தனியாக அளந்து, பெருங்குடல் கட்டிச் செல்கள் அடிப்படையில் இரண்டு வகையாகப் பிரிவதைக் காட்டினார்கள். எனக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம், எந்தச் செல்லும் எந்த நிலைக்கும் போய்விடும் என்று அவிழ்த்துவிட்டுப் பேசக் கூடாது, செல் எங்கிருந்து கிளம்புகிறது என்பதும் முக்கியம்.

ஆனால் ஊர் நல்லது என்பதற்காக ஆய்வகம் நல்லது என்று ஆகிவிடாது. பிளாஸ்டிசிட்டி இப்போது நாகரிகம். விளங்காத முடிவுக்கெல்லாம் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். ஒற்றைச் செல் அளவீட்டில் ஒரு செல்லை அளந்தால் அது அத்தோடு செத்துவிடும், அடுத்து என்னவாகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சிகிச்சைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் வைத்துக்கொண்டு 'செல்கள் மாறிவிட்டன' என்று எழுதுவது எளிது. மாறினவா, மாறாமல் சில மட்டும் மிஞ்சினவா என்பதுதான் கேள்வியே. ஆகவே நேர்காணலில் அவள் முதலில் கேட்க வேண்டியது, "தேர்வையும் மாற்றத்தையும் எப்படிப் பிரித்துக் காட்டப் போகிறீர்கள்?" என்று. பார்கோடோ, வம்சத் தடமோ, ஒரே செல்லை நாள் கணக்கில் பின்தொடரும் நுண்ணோக்கியோ, ஏதாவது ஒன்று திட்டத்தில் இருக்க வேண்டும். அடுத்து, ஆர்கனாய்டுகள் யாருடைய திசுவிலிருந்து வருகின்றன, அந்த நோயாளிக்குப் பிறகு என்ன ஆனது என்ற விவரம் கிடைக்குமா என்று கேட்கட்டும். பல பத்தாண்டுகளாகத் தட்டில் வளரும் பழைய செல் வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தலைப்பில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. கணினிப் பகுப்பாய்வை யார் செய்வார்கள் என்பதும் முக்கியம். அவளேதான் என்றால் ஆர் (R), பைத்தான் போன்ற நிரல்மொழி ஒன்றைக் கற்றுக்கொள்ள நேரம் தருவார்களா?

அன்றாடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்கனாய்டுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அவற்றை வளர்க்கும் மேட்ரிஜெல் என்ற கூழ்ப்பொருள் ஐஸில் இருக்கும்வரை திரவம், கொஞ்சம் சூடேறினால் உறைந்துவிடும், விலையும் அதிகம். மருந்து கொடுத்து, மிஞ்சியவை விழித்து வளரும்வரை காத்திருக்கும் சோதனைகள் வாரக்கணக்கில் இழுக்கும். நடுவில் தட்டில் பூஞ்சை பிடித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒப்பந்தமோ பொதுவாகச் சில ஆண்டுகளுக்குத்தான், நிதி இருக்கும்வரை நீளும். அந்த நிதி எப்போது முடிகிறது என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். வெளியேறும்போது தன் திட்டத்தில் எதைக் கையோடு எடுத்துப் போகலாம் என்பதையும் சேரும் முன்பே பேசிக்கொள்ளட்டும். தங்கப்போவது உங்கள் வீட்டில் என்றால் வாடகை கவலை இல்லை. ஆய்வகம் அவுட்ரமில் இருந்தால் செங்காங்கிலிருந்து வடகிழக்குப் பாதையில் மாறாமல் போய்விடுவாள், பயோபோலிஸ் என்றால் சிராங்கூனில் மாற வேண்டும்.

அந்த ஆய்வகத்தில் இப்போது இருக்கும் ஒருவரிடமும், அங்கிருந்து வெளியேறிய ஒருவரிடமும் பேராசிரியர் பக்கத்தில் இல்லாதபோது பேசச் சொல்லுங்கள். நிதி, திசு பற்றிய கேள்விகளுக்குப் பாதிப் பதில் வந்தாலும் பேசிச் சரிசெய்துகொள்ளலாம். தேர்வா மாற்றமா என்ற முதல் கேள்விக்கு மழுப்பினால், சம்பளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேறு இடம் பார்க்கத்தான் சொல்வேன்.